கௌஸ் பாயின் மூன்று ரோமக் காசுகள்

ஒரு பேரரசன் தன் காசில் ‘நேர்மை’ என்று பொறித்துவிட்டால் நேர்மையானவன் ஆகிவிடுவானா, சொல்லுங்கள்?

கடல் கடந்து வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் மளிகைக்கடை வைத்திருந்த கௌஸ் அப்படி நம்பவில்லை. கரூர் ஆற்று மணலில் கிடைத்த ரோம வெண்கலக் காசுகள் முப்பது அவரிடம் இருந்தன. ஆங்கில நூல் ஒன்றை வைத்துக்கொண்டு அவற்றை ஆராய்வார். ஒரு பக்கம் அரசனின் தலை. மறுபக்கம் தராசு ஏந்திய பெண் நேர்மையாம், கதிர் ஏந்தியவள் வளமாம், இன்னொருத்தி கருணை. அடிமைச் சந்தை நடத்தியவர்களின் கருணை. ஆர்வம் முற்றி, ஒவ்வொரு காசையும் கடைத் தராசில் நிறுத்து எடை குறித்து வைத்திருந்தார்.

1943இல், ஊரைப் பிடித்து ஆண்ட ஜப்பானியர் உலோகம் வேண்டுமென்று அவருடைய பித்தளை எடைக்கற்களை அள்ளிச் சென்றனர். பங்கீட்டு அரிசிக்கு மேற்பார்வையாளராக இருந்த சபாபதி, பதிலுக்கு ஓர் இரும்புக் கல்லைத் தந்து, “ஒரு காத்தி” என்றார், அதாவது ஏறக்குறைய அறுநூறு கிராம். கௌஸ் அதை ஒரு தட்டில் வைத்து, எதிர்த்தட்டில் காசுகளை அடுக்கினார். கல்லில் மூன்று காசு எடை குறைந்தது. அதாவது ஆளுக்கு ஒரு பிடி அரிசி குறையும். மிஞ்சும் மூட்டை சபாபதியின் கள்ளச் சந்தைக்கு.

மறுநாள் முதல் இரும்புக் கல்லோடு மூன்று காசுகளும் தட்டில் ஏறின.

இரண்டாம் வாரம், கூட்டம் நிற்கும்போதே சபாபதி வந்தார்.

“மிச்ச மூட்டை எங்க பாய்?”

“மிச்சம் ஏதுங்க? சரியா நிறுத்தா மிஞ்சாது.”

“இது என்ன காசு?”

“ரோமாபுரி ராஜா அடிச்சது. இந்தப் பொம்பள பேரு நேர்மை.”

“ராஜா அவ்வளவு நல்லவனா?”

“இல்லாத சரக்குக்குத்தான் விளம்பரம் வேணும் லா.”

வரிசை சிரித்தது. சபாபதி சிரிக்கவில்லை. “சயாம் ரயிலுக்கு ஆள் கேக்குறாங்க. உம்ம பேர எழுதவா?”

ஜப்பானியருக்கு ரயில்பாதை போடச் சயாம் காட்டுக்குப் போனவர்கள் திரும்பியதில்லை.  ஆனாலும் கௌஸ் தட்டிலிருந்து காசுகளை எடுக்கவில்லை.

“எழுதுங்க. எடைய மாத்த மாட்டேன்.”

எழுதினார்கள். லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கௌஸ் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் சபாபதியே நிறுத்தார், வெறும் இரும்புக் கல்லால். வரிசையில் முதலில் நின்றவள் தனலெட்சுமி. கணவனைச் சயாமுக்குக் கொடுத்தவள்.

“ஒரு பிடி குறையுதுங்க,” என்றாள். “பாய் போட்டதப் போடுங்க.”

“போம்மா.”

அவள் நகரவில்லை. பின்னால் நின்ற நாற்பது பெண்களும் நகரவில்லை. சத்தம் ஜப்பானிய அதிகாரியின் காதுக்கு எட்டினால் அரிசித் திருட்டு வெளிப்பட்டுத் தன் தலை போகும் என்பது சபாபதிக்குத் தெரியும். குறைந்த பிடி அரிசியை அள்ளிப் போட்டார், அவளுக்கும் அந்த நாற்பது பேருக்கும்.

வாசகரே, உங்கள் தெருவிலும் ஏழையின் பங்கில் கைவைப்பவன் இருப்பான். வீட்டில் உட்கார்ந்து அவனைத் திட்டாதீர்கள். நாளைக் காலையே போங்கள். எல்லோர் முன்னிலையிலும் இன்னொரு முறை நிறுக்கச் சொல்லுங்கள்.