விமானப் புள்ளிகளும் மஞ்சள் துணியும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து வருடங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு முறை பேனாவை எடுக்கும்போதும் என் மனைவி பேச்சியம்மாள் தடுத்துவிடுவாள். "பிள்ளை நடக்கட்டும், பேசட்டும், பள்ளிக்கூடம் போகட்டும். அதுக்குள்ள ஊருக்கெல்லாம் சொல்லிக் கண்ணு பட வைக்காதீங்க" என்பாள். எனக்கும் கூச்சம்தான். கடன் அட்டையையும் சாமி நேர்ச்சையையும் ஒரே தாளில் எழுதினால் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பேரப்பிள்ளை இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வாடிப்பட்டி. இரண்டு சரக்கு வேன்கள் வைத்துப் பிழைப்பவன். படிப்பு எட்டாவது. ஒரே மகள் செல்வியை பம்பாயில் கட்டிக் கொடுத்திருந்தோம். முதல் முறை அவள் உண்டானபோது இரண்டு நாள் ரயிலில் அழைத்து வந்தோம். வந்த வாரத்திலேயே கரு தங்காமல் போய்விட்டது. ரயிலால் அல்ல என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார்கள். பெற்றவள் மனசு கேட்குமா? கருப்பசாமி முன்னால் நின்று, "இனி ஒரு தடவை என் மக உண்டானா ஆகாசத்துலதான் கூட்டியாருவேன்" என்று பேச்சியம்மாள் நேர்ந்துகொண்டாள். விமானத்துக்கு எம்புட்டு ஆகும் என்று சாமியும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நான்தான் விசாரித்தேன். விசாரித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் மதுரை கே.கே. நகரில் உள்ள ஒரு வங்கியில் கடன் அட்டை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மூன்று வகை காட்டினார்கள். முதலாவதற்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. சேரும் புள்ளிக்குக் கடிகாரமும் சூட்கேசும் தருவார்கள். இரண்டாவது, துணிக்கடையில் தள்ளுபடி. மூன்றாவதற்கு ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் கட்டணம். ஆனால் நூறு ரூபாய் செலவுக்கு ஒரு விமானப் புள்ளி. அதோடு, டீசலுக்கு அட்டை தேய்த்தால் மற்றவற்றில் நூற்றுக்கு இரண்டரை ரூபாய் கூடுதலாகப் பிடிப்பார்கள். இதில் அது இல்லை. என் செலவெல்லாம் டீசல்தான். பம்பாயிலிருந்து மதுரைக்கு இருவர் காசில்லாமல் வர ஒன்பதாயிரம் புள்ளி சேர வேண்டும். கட்டணத்தைப் பார்த்துப் பயப்படாமல், நம் காசு எங்கே போகிறது என்று பார்த்து மூன்றாவதை எடுத்தேன். அது சரியான முடிவு. தவறு செய்தது அதற்குப் பிறகு.

பில் ஒவ்வொரு மாதமும் ஓர் உறையில் வரும். அதைப் பிரித்துப் பார்த்து, கெடுவுக்குள் முழுவதும் கட்டிவிடுவேன். புள்ளிக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு உறையில், விமானப் படம் போட்டு வரும். நேர்ந்த காசை மஞ்சள் துணியில் முடிந்தால், நிறைவேற்றும் நாள் வரை அவிழ்க்கக் கூடாது, எண்ணக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். புள்ளியும் நேர்ந்ததுதானே என்று, அந்த உறைகளைப் பிரிக்காமலே மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டோம்.

மூன்று ஆண்டு கழித்து செல்வி மறுபடி உண்டானாள். வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். சேதி வந்து, டிக்கெட்டுக்காக நாங்கள் முடிச்சை அவிழ்த்த நாள் மாதக் கடைசி.

காலை 9.30. பேச்சியம்மாள் தலைக்கு ஊற்றி, விளக்கேற்றி, முடிச்சை அவிழ்த்தாள். கடைசியாக வந்த உறையை நான் பிரித்தேன். முதல் ஆண்டில் சேர்ந்த புள்ளிகள் இந்த மாதக் கடைசியோடு காலாவதியாகும் என்று அதில் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். அன்றைக்குத்தான்.

"சாமி முன்னாடி வச்சது கெட்டுப் போகுமாங்க?" என்று கேட்டாள். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

காலை 10.10. திண்டுக்கல்லிலிருந்து வந்த பேருந்தில் நின்றுகொண்டே பயணம். மதுரைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் எட்டு ரூபாய். வழியெல்லாம் தென்னந்தோப்பும் அறுத்துவிட்ட வயலும். நூறு முறை வேன் ஓட்டிய சாலைதான். அன்று மட்டும் முடிவே இல்லாமல் நீண்டது. அரப்பாளையத்தில் இறங்கி, நாற்பது ரூபாய்க்கு ஆட்டோ பேசினேன். "ஏண்ணே, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார் ஓட்டுநர். பேங்குக்கு என்றேன். "அப்ப மெதுவா போலாம், அது எங்கயும் ஓடிராது" என்றார். இன்றைக்கு ஓடிவிடும் என்று சொன்னால் புரியுமா?

காலை 11.25. வங்கியில் இருந்த அம்மா பொறுமையானவர்கள். கணினியில் தட்டிப் பார்த்து, "எட்டாயிரத்து எண்ணூற்று எழுபது இருக்குய்யா. நூத்து முப்பது குறையுது. இன்னைக்கு ராத்திரியோட இதுல மூவாயிரம் போயிரும்" என்றார்கள்.

"இன்னைக்குள்ள சேர்த்தாத் தருவீங்களாம்மா?"

"அஞ்சு மணிக்குள்ள அட்டையில செலவழிச்ச சீட்டோட வாங்க. விண்ணப்பத்தை எடுத்து வைக்கிறேன். டிக்கெட் தேதியை அப்புறம் குறிச்சுக்கலாம். ஒண்ணு, ஒவ்வொரு சீட்டும் முழு நூறா இருக்கணும். சில்லறைக்குப் புள்ளி கிடையாது."

நூற்று முப்பது புள்ளி என்றால் பதின்மூன்றாயிரம் ரூபாய். டீசல் லிட்டர் இருபது ரூபாய். என் இரண்டு வண்டியிலும் சேர்த்து அவ்வளவு கொள்ளாது. தேவையில்லாத சாமானை வாங்கவும் மனசு ஒப்பவில்லை. வாசலில் நின்று கருப்பசாமியை நினைத்தேன். எதிரே எஸ்.டி.டி. பூத் தெரிந்தது.

பகல் 12.00. வாடிப்பட்டி வேன் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடைக்குப் போன் போட்டேன். முத்தையாவைக் கூப்பிடச் சொன்னேன். என்னோடு இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறவர். அட்டை வாங்கிய நாளிலிருந்து என்னைக் கேலி செய்தவரும் அவர்தான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏண்ணே, மூணு வருசமா கவரைப் பிரிக்காம பூசை பண்ணீங்களா? பொங்கல் வச்சீங்களா அதுக்கு?" என்றார்.

"முத்தையா, நேரமில்லப்பா."

"சரி, சமயநல்லூர் பங்க்ல நில்லுங்க. வண்டியோட வாரேன். காசை உங்க கையில தந்துர்றோம், நீங்க அட்டையைத் தேய்ங்க."

மதியம் 1.40. சமயநல்லூர் பங்க்கில் வெயில் கொளுத்தியது. முதலில் முத்தையாவின் வண்டியும் என் இரண்டு வண்டிகளும். பின்னாலேயே வைக்கோல் வண்டி, தேங்காய் வண்டி, பந்தல்காரர் வண்டி. பங்க்காரர் பயந்துபோய், "நாளைக்கு ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டார். "இல்ல, அண்ணன் மகளுக்கு வளைகாப்பு" என்றார் முத்தையா. அதற்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசித்துக்கொண்டே அட்டையைத் தேய்த்தார். எல்லாம் முழு நூறாக. நான் தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

பதின்மூன்று வண்டி முடிந்தபோது பன்னிரண்டாயிரத்து இருநூறு. மணி 3.30. டீசல் போட வேறு வண்டி வரவில்லை. எண்ணூறு ரூபாய் குறைந்தது.

முத்தையா சாலையின் நடுவே போய் நின்றார். மதுரைப் பக்கமிருந்து வந்த ஒரு டிராக்டரை, முன்பின் தெரியாதவரை, கையைக் காட்டி நிறுத்தினார். "மாப்ள, டீசல் போடணுமா?"

"போடணும்தான். யாருய்யா நீ?"

"போடு மாப்ள. எங்கண்ணன் மக ஏரோப்ளேன்ல வரணும்."

அந்த மனிதர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். தொள்ளாயிரம் ரூபாய்க்குப் போட்டார். பணத்தைக் கொடுக்கும்போது, "பொண்ணு நல்லபடியா வரட்டும்யா" என்றார். பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

மாலை 4.35. முத்தையாவே வேனில் என்னை வங்கியில் இறக்கினார். அந்த அம்மா பதினான்கு சீட்டையும் எண்ணினார்கள். "ஒன்பதாயிரத்து ஒண்ணு. ஒரு புள்ளி மிச்சம்யா" என்றார்கள். மொய் எழுதும்போது நூறோடு ஒன்று சேர்த்து வைப்போமே, அந்த ஒன்று என்று பட்டது. கண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் பார்க்காததுபோல முத்திரை குத்தினார்கள்.

வளைகாப்புக்கு நாங்கள் பம்பாய்க்கு ரயிலில் போனோம். முடிந்ததும், அவர்களுக்கு இரண்டு நாள் முன்பே நான் ரயிலில் கிளம்பி ஊருக்கு வந்துவிட்டேன். தாயும் மகளும் டாக்டர் சீட்டோடு மெட்ராஸ் வழியாக விமானத்தில் வந்தார்கள். மதுரை நகரிலிருந்து விமான நிலையம் பன்னிரண்டு கிலோமீட்டர். முத்தையா வேனைக் கழுவி, பின்னால் மெத்தை விரித்து வந்திருந்தார். பார்வையாளர் சீட்டு வாங்கிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

செல்வி வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பின்னால் பேச்சியம்மாள், பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எங்கங்க பயப்பட விட்டாங்க? ரெண்டு முறுக்கு திங்கறதுக்குள்ள மெட்ராசு வந்துருச்சு" என்றாள்.

பேரன் சுகமாகப் பிறந்தான்.

பம்பாயிலிருந்து மதுரைக்கு வந்த சில மணி நேரம் அவர்களுடைய பயணம். என் பயணம், வாடிப்பட்டிக்கும் கே.கே. நகருக்கும் இடையே ஒரு பகல். அதைவிட நீண்ட தூரம் நான் போனதில்லை. மஞ்சள் துணி இப்போதும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. உறையைப் பிரித்துப் படித்து, காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்த பிறகே அதில் முடிகிறோம்.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டிலும், வண்டி ஓட்டும் நண்பர்களிடமும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது இருந்தபடியே சொல்லுங்கள். கணினியில் புள்ளி தானாக ஏறியது என்று அற்புதம் எதுவும் சேர்க்க வேண்டாம். உறையைப் பிரிக்காமல் வைத்த என் முட்டாள்தனத்தை மறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, அந்த டிராக்டர்காரரை விட்டுவிடாதீர்கள். யார் வாய் வழியாகவாவது இது அவர் காதுக்குப் போய், அந்தப் பெண் நல்லபடியாக வந்து சேர்ந்தாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.