வாடகை சைக்கிளோடு வந்த அப்பீல்

இனிப் பெண்ணே வேண்டாம் என்று பெற்றவர்கள் வைத்த பெயர் வேண்டா. ஆனால் மாமல்லபுரத்துக்கு வடக்கே அவள் ஊரில் அவள் இல்லாமல் ஒரு பஞ்சாயத்தும் நடக்காது. அவ்வளவு வாய். புருஷன் சடையப்பன் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுகிறவன். அவனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

எழுபத்தாறில் நான் செங்கல்பட்டில் வக்கீல் பிரபாவதி அம்மாவுக்குக் குமாஸ்தா. டீக்கடை வாசலில் திருடுபோன சைக்கிள் ஒன்று சடையப்பன் வேலை செய்த தோப்பில் கிடக்க, அவன் மேல் கேஸ் போட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவன் அதை ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒருத்தன் சாட்சி சொன்னான். வேண்டா கூண்டேறி, "அவுருக்கு சைக்கிளே வுடத் தெரியாதுங்க. கல்யாணமான புதுசுல என் தம்பி ஏத்திவுட்டான், நேரா எருக்குழில போயி வுழுந்தாரு. அத்தோட சரி" என்றாள். கோர்ட்டே சிரித்தது. பெண்டாட்டி வேறு எப்படிப் பேசுவாள் என்று அதைத் தள்ளிவிட்டு ஆறு மாதம் போட்டார்கள். சடையப்பனுக்கு ஆறு மாதத்தைவிட எருக்குழிதான் வலித்தது. அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட்டோம். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனும் கொடுத்தார்கள். விசாரணைக்கு வந்த காலையில் பார்த்தால், வேண்டா பாதி ஊரைத் திரட்டி வந்து வாசலில் நிற்கிறாள். பஸ் மேல் போட்டு ஒரு வாடகை சைக்கிள் வேறு கொண்டுவந்திருந்தாள்.

"இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"ஜட்ஜய்யா ஏறிக் காட்டுன்னா ஏற வாணாவா? ரெண்டு தபா வுழுந்து காட்டுவாரு. இவங்கள்லாம் சாட்சி."

எனக்கு மண்டை காய்ந்தது. "அப்பீல்ல சாதாரணமா புதுசா யாரையும் விசாரிக்க மாட்டாங்கம்மா. கீழ்க்கோர்ட்டுல சொன்னதெல்லாம் எழுதி வச்சிக்கீது. அதைப் படிச்சிட்டு, தீர்ப்பு சரியா தப்பான்னுதான் பார்ப்பாங்க. நீ வாயே தொறக்கக் கூடாது."

அவள் முகம் சுண்டிப்போனது. "அப்போ நான் சொன்னத வச்சித்தானா? அதத்தான் தள்ளிட்டாங்களே."

உள்ளே பிரபாவதி அம்மா அவள் சாட்சியத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தார். எருக்குழியும் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"சைக்கிள் விடத் தெரியாது என்கிறாரே, அதை மறுத்து உங்கள் தரப்பில் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?" என்றார் ஜட்ஜ். அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். கேட்டிருக்கவில்லை.

"மனைவி என்பதாலேயே ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. கீழ்க்கோர்ட் வேறு காரணமும் சொல்லவில்லை" என்றார் ஜட்ஜ். மங்கல் வெளிச்சத்தில் பார்த்த ஒரே ஆளை நம்பித் தண்டிக்க முடியாது என்று சடையப்பனை விடுதலை செய்தார். பின்வரிசையில் வேண்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியே சாட்சி சொல்ல முடியாத ஏமாற்றத்தில் ஊரே முணுமுணுத்தது. அன்று சடையப்பனை ஏற்றிவிட்ட மச்சினன் துரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். "ஏறு மாமா, நான் புடிச்சிக்கிறேன். இனிமே இன்னா பயம்?"

சடையப்பன் சைக்கிளைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"வாணா. எனக்குத்தான் வுடத் தெரியாதுன்னு என் பொண்டாட்டி சொல்லிக்கீறாளே" என்றான்.

சொல்லிவிட்டு, அவளோடு பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை அதைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.