கலப்பினக் கன்றும் கட்டிப்பால் தேநீரும்

பசு கன்று போட்டது கொட்டாஞ்சேனையில், மச்சான் வீட்டுப் பின்வளவில். லட்டுக் கொடுத்தவன் வெள்ளவத்தையில் இருந்த நான். எங்கள் அடுக்குமாடி வட்சப் குழுவில் படம் போட்டு, "பிரீசியன் கலப்பு. இருந்து பாருங்கோ, யானை மாதிரி வளரும்" என்று எழுதினேன். கண்ணாடி போடாமல் பார்த்த ஒரு அன்ரி, பிள்ளை என்னைப்போலவே இருக்கிறது என்று வாழ்த்தினார்.

மச்சான் என் மனைவியின் தமையன். அவரிடம் இருந்தது கட்டையான நாட்டுப் பசு. அதற்குப் பிரீசியன் என்ற பெரிய சாதி மாட்டின் சினை ஊசி போடலாம் என்று யோசனை சொன்னவன் நான். மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பால் பைக்கற்றில் இருக்கும் படம்தான். ஊசி போட வந்த மாட்டு டொக்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"கண்டுக்குத் தகப்பன்ட உடம்பு வரும். ஆனா பால் இந்தச் சின்ன மடியில இருந்துதான் வரவேணும். முதல் மூண்டு மாசம் கறக்காதேங்கோ. அப்ப விட்ட வளர்ச்சியைப் பிறகு பிடிக்கிறது கஷ்டம்."

மச்சான் பசுவின் முதுகில் கைவைத்துச் சத்தியம் செய்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கன்று பிறக்கும்போதே பெரிதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் அவளுடைய தையல் நாடாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப்போய் அதன் நெஞ்சைச் சுற்றி அளப்பேன். முதலில் நாடா நீண்டது. பிறகு நின்றுவிட்டது. விலா தெரியத் தொடங்கியது. அதே கிழமை பிறந்த அடுத்த தெரு நாட்டுக் கன்று துள்ளித் திரிந்தது. எங்கள் யானை சுவரில் சாய்ந்து நின்றது.

"மச்சான், உங்கட பிரீசியன் சரிவராது. ஒருகொடவத்தையில ஒருத்தன் கேக்கிறான், குடுத்துவிடுவம்" என்றார் மச்சான்.

கேட்டவன் வளர்ப்பதற்குக் கேட்கவில்லை என்பது எனக்குக்கூட விளங்கியது. அந்தக் கவலைக்கு ஒரே ஆறுதல் மச்சானின் மனைவி தரும் தேநீர். அப்படி ஒரு கட்டி, அப்படி ஒரு ருசி. "கடையில வாங்கின புதுப் பால்மா, தம்பி" என்பார். கன்றுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டே இரண்டு கோப்பை குடிப்பேன்.

கடைசி முயற்சியாக டொக்டரை நானே கூட்டிவந்தேன். அவர் கன்றின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவினார். அதற்குள் தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்தவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு பசுவைப் பார்த்தார்.

"இது பால்மா இல்லையே?"

மச்சான் பக்கத்து வீட்டுக் கூரையில் இருந்த ரீவி அன்ரனாவை ஆராயத் தொடங்கினார். என் வாய் நிறையப் பால். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் மனம் வரவில்லை. விழுங்கினேன்.

"கலப்பில பிழையில்லை. கண்டு பட்டினி. ஆர் கறக்கிறது?" என்றார் டொக்டர்.

"விடிய கொஞ்சம்தான் ஐயா. இவருக்கு விருப்பமெண்டுதான்..." மச்சான் என்னைக் காட்டினார்.

என்னை! கன்றைக் காப்பாற்ற வந்த என்னை!

"கண்டு இஞ்சதான் நிக்கும். ஒருத்தனுக்கும் குடுக்க விடமாட்டன்" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் மனைவியிடம் கேட்டேன்.

"உமக்கும் தெரியுமோ?"

"ஓம். எல்லாருக்கும் தெரியும். நீங்கள் அவ்வளவு ரசிச்சுக் குடிச்சனீங்கள், எப்பிடிச் சொல்றது?"

வெள்ளவத்தை வரும்வரை நான் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்று இப்போது தேறிவிட்டது. விலா தெரிவதில்லை. ஆனால் அடுத்த தெருக் கன்றை இன்னும் எட்டவில்லை. டொக்டரும் எட்டும் என்று வாக்குத் தரவில்லை. ஞாயிறுகளில் நாடாவோடு போகிறேன். "சீனி காணுமோ மச்சான்?" என்று ஒன்றும் நடக்காததுபோல் பால் விடாத பிளேன் டீயை நீட்டுகிறார் மச்சான். பின்வளவுக்குப் போய்ப் பசுவின் மடியைப் பார்த்துவிட்டு வந்துதான் கோப்பையை வாங்குகிறேன்.