எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்

பெற்ற பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது. என் தம்பி பெண்டாட்டிக்கு அது பழகிப்போயிருந்தது. அவள் பெண்ணுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் பொம்மி. காதருகில் போய் "பொம்மி" என்று கத்தினாலும், அவள் பாட்டுக்குத் தரையில் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். காதில் கோளாறு ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடி வருகிறாளே! மூளை வேறு மாதிரி வேலை செய்கிறது, பேச்சு வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்ல டாக்டர் எதற்கு, நானே சொல்லியிருப்பேன்.

நான் பொம்மிக்கு அத்தை. அவள் அம்மாவுக்கு நாத்தனார். நாத்தனார் என்றாலே கொள்ளிக்கட்டை என்று உலகம் பேசும், பேசிவிட்டுப் போகட்டும். தம்பி லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மிச்சம் நாங்கள் மூன்று பேர்தான். நானும் அவளும் ஒரே சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஹோட்டல் விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வரும். இஸ்திரி போடும் சூட்டு உருளைக்குள் போய் வெளியே வரும் விரிப்பை இரண்டு பேராக மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்துப் பின்னால் போவோம். ஒவ்வொரு மடிப்புக்கும் முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும். அதனால் எங்களுக்குள் சண்டை வந்தால்கூட அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது.

வாய் ஓயாதவள் அவள். பதிலே சொல்லாத பிள்ளையிடம் நாள் முழுக்கப் பேசுவாள். "பொம்மிக்குப் பசிக்குதா? பசிக்குதாம். முட்டை வேணுமா? வேணுமாம்." கேள்வியும் அவளே, பதிலும் அவளே.

"சுவத்துக்கிட்ட இவ்வளவு பேசியிருந்தா சுவரே ஒரு வார்த்தை பேசியிருக்கும்டி" என்பேன்.

"பேசுவா அண்ணி. ஒரு தடவ அம்மான்னு சொல்லட்டும், அப்புறம் உங்க வாய அடக்கறேன் பாருங்க" என்பாள்.

மற்றப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பொம்மியைச் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏறாத படி இல்லை. கடைசியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பாலர் பள்ளியில்தான் பெரிய மிஸ் அரைமனதாகத் தலையாட்டினார். "ஒரு பருவம் பாக்கலாம். கூட ஒரு ஆயாம்மாவப் போடறேன். உக்காந்தா இருக்கட்டும். மத்தப் பசங்களுக்குத் தொந்தரவுன்னா நீங்களே கூட்டிட்டுப் போயிடணும்." தம்பி பெண்டாட்டி அவர் காலில் விழாத குறை.

முதல் நாள் அந்த ஆயாம்மா வாசலுக்கு வந்தாள். எங்கள் வயசுதான் இருக்கும். துணிச்செருப்பு போட்டிருந்தாள், நடந்தால் சத்தமே வராது. பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்திருக்கிறாள் என்றே தெரிந்தது. பொம்மியைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால் சாதாரணமாக இல்லை, தொலைத்த ஆளைக் கூட்டத்தில் தேடுகிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பமாட்டா" என்றாள் இவள். விடிந்ததிலிருந்து பிள்ளையோடு மல்லுக்கட்டிய அலுப்பு அவள் குரலில் இருந்தது. "பொம்மின்னாலும் ஒண்ணுதான், வேற எதுன்னாலும் ஒண்ணுதான். நீங்க எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க."

"எப்படி வேணும்னாலுமா?" என்றாள் ஆயாம்மா.

"ஆமாங்க."

அவள் மறுபடியும் கேட்டாள். "நெஜமாவா சொல்றீங்க?" எனக்கு அப்போதே என்னவோ போல் இருந்தது. சும்மா இருக்காமல் எதையாவது கேட்டு வேலையைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன் வரும், வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தோம். வரவேயில்லை. சாயங்காலம் பொம்மி பூனைக்குட்டி மாதிரி அமைதியாக வெளியே வந்தாள். மறுநாளும் அப்படியே. இவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா அண்ணி, எம்பொண்ணு உக்காந்துட்டா!" என்று உருளைச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. நடு வகிடு எடுத்து அனுப்பிய பிள்ளை ஓர வகிடோடு வந்தாள். சரி, கலைந்திருக்கும், வாரிவிட்டிருப்பார்கள். உயிராய் விரும்பித் தின்கிற முட்டையைத் தட்டில் வைத்தால் ஒற்றை விரலால் தள்ளிவிட்டாள். குப்புறப் படுத்துத் தூங்குகிறவள், இடது கையைக் கன்னத்துக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு ஒருக்களித்துத் தூங்க ஆரம்பித்தாள். மூடிகளை அடுக்குவதை விட்டுவிட்டு, ஜன்னலோரம் நின்று மெல்லிய குரலில் ஏதோ ராகம் முனகினாள். எங்கள் வீட்டில் யாரும் பாடாத ராகம். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிறுத்துவாள். நிறுத்திவிட்டு, யாரோ மிச்சத்தைப் பாடுவதைக் கேட்கிறவள் போலக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். அப்புறம் விட்ட இடத்துக்கு அப்பாலிருந்து தொடர்வாள்.

"ஏண்டி, இது நம்ம பிள்ளைதானா?" என்று கேட்டுவிட்டேன்.

"வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. ஸ்கூல்ல கத்துக் குடுக்கறாங்க" என்று சீறினாள். ஆனால் அவளும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவளுக்கு வேலை முடியவில்லை, பொம்மியைக் கூட்டிவர நான் போனேன். வகுப்பு வாசலில் பிள்ளைகள் பை மாட்டுவதற்குத் தாழ்வாக ஒரு வரிசை கொக்கிகள் உண்டு. எழுத்துத் தெரியாத வயசு என்பதால் ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம். பொம்மிக்குக் குடை என்று முதல் நாளே காட்டியிருந்தார்கள். குடைக்குக் கீழே பை இல்லை. கடைசிக் கொக்கியில், வெளுத்துப்போன மீன் படத்துக்குக் கீழே தொங்கியது. மற்றப் படங்களெல்லாம் புதுசு. மீன் மட்டும்தான் ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது.

"இது எதுக்கு இங்க?" என்று பையை எடுத்தேன். பக்கத்திலிருந்த மிஸ்ஸின் முகம் மாறியது. சின்னப் பெண், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் இருக்கும். "அந்தக் கொக்கி யாருக்கும் குடுக்கறதில்லையே..." என்று இழுத்தார்.

அப்போது முற்றத்திலிருந்து ஆயாம்மாவின் குரல் கேட்டது. உரக்கக்கூட இல்லை.

"மினு."

முற்றத்தின் அந்தக் கோடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பொம்மி திரும்பினாள். பிறந்ததிலிருந்து எந்தக் குரலுக்கும் திரும்பாத கழுத்து, சட்டென்று திரும்பியது. எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, ஆயாம்மாவிடம் நடந்து போனாள். பட்டப்பகல், சுற்றிலும் பிள்ளைகளின் கூச்சல். யார் மினு என்று மிஸ்ஸைக் கேட்டேன்.

மினு ஆயாம்மாவின் மகள் என்று மிஸ் காதோடு சொன்னார். இதே வகுப்பில் படித்தவள். காய்ச்சல் வந்து, இருந்தாற்போல் இருந்து போய்விட்டாள். மீன் அவளுடைய கொக்கி. "நான் வர்றதுக்கு முன்னாடிங்க. மத்தவங்க சொன்னதுதான்" என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மிஸ்கிட்ட சொல்லிடாதீங்க. ஆயாம்மா பக்கத்துல இருக்கறதாலதான் பொம்மி உக்காருது. அவங்கள மாத்திட்டா பொம்மியை வெச்சுக்க மாட்டாங்க."

மறுநாள் விரிப்பு மடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். ஆத்திரப்படுவாள், பள்ளியை உண்டு இல்லை என்று பண்ணுவாள் என்று நினைத்தேன். விரிப்பின் முனைகளைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வந்து தரையில் சரிந்தது.

"கூப்பிட்டாத் திரும்பினாளா?" என்று கேட்டாள். "நெஜமாவா அண்ணி? கழுத்தத் திருப்பினாளா?"

அன்று சாயங்காலம் பொம்மி ஜன்னலோரம் நின்றிருந்தாள். இவள் பின்னால் போய் நின்று "பொம்மி" என்றாள். அசைவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு அந்த மற்றப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"என் வாயால வராது அண்ணி. செத்த பிள்ளையோட பேரு" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் ஆயாம்மாவை வாசலில் மடக்கினோம். அவள் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

"நீங்கதானம்மா எப்படி வேணும்னாலும் கூப்பிடச் சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் கூப்பிட்டுப் பாத்தேன். இதுக்குத்தான் திரும்புச்சு."

"அந்தப் பாட்டு? அந்தக் கன்னத்துல கை வெச்சுப் படுக்கறது? அதையெல்லாமும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்று நான் பாய்ந்தேன்.

"வகிடு நான் எடுத்ததுதான். மத்ததெல்லாம் நான் சொல்லிக் குடுக்கலக்கா." ஆயாம்மாவின் முகம் வெளுத்திருந்தது. பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், அது அந்த முகமில்லை. "மொத நாள் அது கன்னத்துல கைய வெச்சுத் தூங்கினப்போ நான் எந்திரிச்சு வெளிய ஓடிட்டேன்." "இனிமே முட்டை குடுத்தனுப்பாதீங்கம்மா. அவளுக்குப் பிடிக்காது."

"யாருக்கு?" என்றாள் இவள்.

ஆயாம்மா முற்றத்துப் பக்கம் பார்த்தாள்.

"எம்பொண்ண அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க" என்று இவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களக் குத்தம் சொல்லல. ஆனா அவ எம்பொண்ணு."

"சரிம்மா" என்றாள் ஆயாம்மா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதுதான் வினையாகிவிட்டது. அந்த வாரம் முழுக்கப் பொம்மி உட்காரவில்லை. சுவரில் தலையை மோதினாள். இன்னொரு பிள்ளையின் கையைக் கடித்து வைத்தாள். பெரிய மிஸ் இவளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன், அதற்கு மேல் தன்னால் ஆகாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். வேறு பள்ளி கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். சலவை நிலையத்தில் இவள் வாய் மூடிவிட்டது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. என்னோடு சண்டை போட்டாலாவது பரவாயில்லை என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் நடந்துதான் போனோம். பள்ளிக்கு எதிரே வந்ததும் பொம்மி கையை உருவிக்கொண்டாள். நடைபாதையிலிருந்து இறங்கி, சாலையின் நடுவே கீழே எதையோ பார்த்தபடி போனாள். பக்கத்துக் கட்டட வேலைக்கு மணல் கொட்டிவிட்டு ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அந்தக் குட்டி உருவம் டிரைவர் கண்ணில் பட வழியே இல்லை.

"பொம்மி!" என்று இவள் அலறினாள். நானும் அலறினேன். "பொம்மி! பொம்மி!" ஓடினோம், ஆனால் லாரி அவளுக்குப் பக்கத்தில் இருந்தது, நாங்கள் தூரத்தில் இருந்தோம். வாசலில் ஆயாம்மா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். பாவி, வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று நிற்கிறாளே என்று மனசுக்குள் திட்டினேன்.

"மினு!"

அந்தக் குரல் இவளுடையது. அப்படியொரு குரலை நான் அவளிடம் கேட்டதேயில்லை.

பொம்மி நின்றாள். திரும்பி எங்களை நோக்கி நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் லாரி, அவள் நின்றிருந்த இடத்தின் மேல் ஏறிப் போனது.

இவள் சாலையிலேயே மண்டியிட்டுப் பிள்ளையின் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். பொம்மி அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். யார் முகத்தையும் பார்க்காத பிள்ளை, கண்ணுக்குக் கண் பார்த்தாள். வழி தவறிய பிள்ளைகள் முன்பின் தெரியாதவர்களிடம் வழி கேட்பதற்கு முன்னால் பார்ப்பார்கள், அந்தப் பார்வை. பிறகு வாயைத் திறந்தாள். திக்கல் இல்லை, மழலை இல்லை. தெளிவாகக் கேட்டாள்.

"அம்மா எங்க?"

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இதோ இருக்கேன்டா. நான்தான்" என்றாள் இவள்.

பொம்மி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். "அம்மா எங்க?" என்று மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இவள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு, "வா, காட்டறேன்" என்று வாசலுக்குக் கூட்டிப்போனாள். ஆயாம்மா அழுதுகொண்டிருந்தாள். பொம்மி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "அந்தப் பேர்லயே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இவள் வந்துவிட்டாள். அன்று பொம்மி வகுப்பில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். இருக்கட்டும் என்று பெரிய மிஸ் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பள்ளியிலிருந்து வரும் வழியெல்லாம் நான் ஆயாம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். பள்ளியைத் திட்டினேன், லாரிக்காரனைத் திட்டினேன், ஊரில் இல்லாத என் தம்பியையும் திட்டினேன். இவள் எனக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். வேலைக்குப் போய் முதல் விரிப்பைப் பிடித்தோம். முனையோடு முனை சேர்க்க வந்தவள் என் முகத்துக்கு நேரே நின்றாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, ஆனால் சிரித்தாள்.

"பேசிட்டா அண்ணி" என்றாள். "எம்பொண்ணு அம்மான்னு சொல்லிட்டா."

"ஆமாண்டி, சொல்லிட்டா" என்றேன். வேறு என்ன சொல்ல?