பிரிக்காத தாள்

தோற்றவர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தால் என்ன என்று சின்னமனூர் பேருந்தில் எனக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்தவர் ஒன்றிய கவுன்சிலர் தேர்தலில் தோற்றவர். சுவரொட்டியில் கும்பிட்ட அதே முகம், இப்போது நரைத்த தாடியோடு. நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

“பேட்டியா? செயிச்சவுகள விட்டுட்டு எங்கிட்ட வாரீகளே தம்பி.”

“பையில என்னண்ணே?”

“பூத்துவாரியா விழுந்த ஓட்டு எழுதுன தாளு. இன்னும் பிரிக்கல.”

தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில் அவருக்கு வேறு சொந்தமில்லை. அவள் வீட்டில் நாலு ஓட்டு. முடிவு வந்த அன்று, “குடும்பத்தோட என்னைய வித்துப்புட்டீக” என்று அவளைத் தெருவில் வைத்துக் கேட்டாராம். அதிலிருந்து பேச்சில்லை.

“நான் பாத்துச் சொல்லவா? அந்த ஊரு பூத்துல ஓட்டே விழலைன்னா நீங்க கேட்டது சரிதானே?”

சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

“நாலும் விழுந்திருந்தா? அவ மூஞ்சில எப்பிடிய்யா முழிப்பேன்?”

பேட்டியை மறந்துவிட்டு, “பிரிக்காமலே தங்கச்சி வீட்டுக்குப் போவோம்ணே, நானும் வாரேன்” என்றேன்.

“அவ கதவச் சாத்திட்டான்னா?”

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அவரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, முதலில் நான் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.