வால்வை இன்னும் கொஞ்சம் மூடு

சங்கரன்கோவில் பம்ப் மெக்கானிக் சுடலைமணிக்குக் காதுதான் பெருமை. ஸ்க்ரூடிரைவர் முனையை ஓடும் பம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். "பேரிங்" என்பார். இருபத்தெட்டு வருஷத்தில் அது பெரும்பாலும் பேரிங்காகவே இருந்தும் தொலைத்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நசுங்குவது என்னவோ யானை இல்லை.

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மாடத்திக்கு ஐம்பது சென்ட் மல்லிகை. புருஷன் போனபின் அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். கிணறு மெதுவாகத்தான் ஊறும். வால்வை முழுக்கத் திறந்தால் அரைமணியில் தரை தட்டிவிடும் என்று, அந்தப் பக்கத்து வழக்கப்படி பாதி மூடித்தான் ஓட்டுவாள். அப்போதெல்லாம் பம்ப் உறுமும். அதிர்வில் பேரிங் போகும். சுடலைமணி மாற்றுவார், மறுபடி போகும்.

"அண்ணாச்சி, உள்ள என்னமோ மெதுவாச் சுத்தி வருது. வால்வத் தொறந்தா சத்தம் நின்னுருது," என்றாள் மாடத்தி.

"ஏட்டி, மெக்கானிக் நானா நீயா? பேரிங்னு சொல்லுதேன். சத்தம் வந்தா வால்வ இன்னும் கொஞ்சம் மூடு, லோடு குறையும்."

மூடினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும் என்பது உண்மைதான். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு அவர் மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் பம்ப் மூன்றாம் முறை நின்று, பதினொரு நாள் பட்டறையில் கிடந்தது.

ஆடியில் ஒரு கம்பெனி கல்யாண மண்டபத்தில் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி வைத்தது. என்ஜினியர் நிர்மலாதேவி கண்ணாடி மூடி போட்ட பம்பை ஓட்டிக் காட்டினாள். உள்ளே சுழலும் இம்பெல்லர் சக்கரம் வீசும் தண்ணீரை வாங்கி அனுப்பும் டிஃப்யூசர் வளையத்தில், ஒவ்வொரு வழியிலும் நூல் ஒட்டியிருந்தது. வால்வை மூட மூட, ஒரு வழியில் தண்ணீர் தேங்கி நூல் துவண்டது. அது நிமிர்ந்ததும் பக்கத்து வழி துவண்டது. அந்தத் தேக்கம் இம்பெல்லரைவிட மெதுவாக வளையத்தைச் சுற்றி வந்தது. பம்ப் உறுமியது.

"மூட மூட இது கூடும். வால்வுக்கு முன்னாடி ஒரு பைப்பப் பிரிச்சு, மிச்சத் தண்ணியக் கிணத்துக்கே விட்டாப் போதும், பம்புக்குள்ள ஓட்டம் குறையாது. இந்தச் சத்தத்த யாராவது கேட்டிருக்கீங்களா?"

சுடலைமணி கையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆறடிப் பைப்போடு மாடத்தி தோட்டத்துக்குப் போனார். மல்லிகை நின்ற இடம் உழுது கிடந்தது. பம்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அவள் நூல் மில் வேனுக்காக ரோட்டில் நின்றிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி, தாயி. நான்தான் கெடுத்துட்டேன்."

மாடத்தி அந்தப் பைப்பையே பார்த்தாள்.

"எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு அண்ணாச்சி. நீங்க இல்லன்னதும், என் காதுதான் கோளாறுன்னு நெனச்சுட்டேன். பூவெல்லாம் கருகுற வரைக்கும் மூடிக்கிட்டேதான் இருந்தேன்."

வேன் வந்ததும் ஏறிக்கொண்டாள்.