மீதி அட்டை எங்கே?

போன வியாழக்கிழமை, பட்டாபிராம் தாண்டி ஓர் அரசுப் பள்ளியில் பேசப் போயிருந்தேன். தலைப்பு: மருந்துத் தகவலைச் சரிபார்ப்பது எப்படி? தலைவலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் நின்று 'ஏதாவது குடுங்க' என்று கேட்கிற ஆள் நான். கூப்பிட்ட அறிவியல் டீச்சருக்கு இது தெரியாது.

வீட்டிலிருக்கும் மாத்திரைகளைப் பிள்ளைகள் கொண்டுவந்திருந்தார்கள். அட்டையில் பெயரைப் பாருங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள் என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். பார்த்தார்கள். எங்கே இருக்கிறது? எல்லாம் கத்தரித்த துண்டுகள்... இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை. பெயரும் தேதியும் கடையிலேயே தங்கிவிட்டன. வாட்ஸ்அப் வதந்திகளுக்கு இருபது ஸ்லைடு தயாரித்த மேதைக்குக் கத்தரிக்கோல் ஞாபகம் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்பு யாமினி இரண்டு துண்டுகளை மேஜையில் வைத்தாள். பத்து நாள் முன்பு காய்ச்சலுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று போட்ட அவள் அம்மாவுக்கு முகம் வீங்கி, மூச்சு திணறியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பாற்றிவிட்டு, என்ன மாத்திரை என்று கேட்டார்களாம். தெரிந்தால்தானே?

"இன்னிக்கும் அம்மாவுக்கு ஜுரம் சார். இதுல எது ஆகாதுன்னு எப்டி கண்டுபுடிக்கிறது?"

நான் இருபது ஸ்லைடையும் மறுபடி புரட்டினேன். டீச்சர்தான் உடனே அம்மாவுக்கு போன் போட்டார் — எதையும் விழுங்காமல் நேராக சுகாதார நிலையம் போகச் சொல்லி. அங்கே மறுபடி பெயர் கேட்பார்களே? மூவரும் அந்த மாத்திரைகளை வாங்கிய மெடிக்கல் ஷாப்புக்கு நடந்தோம்.

கடைக்காரர் சலித்துக்கொண்டார். முழு அட்டை வாங்கினால் எல்லாம் இருக்கும், நீங்கள்தானே ரெண்டு ரெண்டாகக் கேட்கிறீர்கள் என்றார். நியாயம்தானே என்று நான் தலையாட்டினேன். யாமினி ஆட்டவில்லை.

"மீதி அட்டை உங்ககிட்டதான கீதுண்ணா?"

டிராயரைக் கவிழ்த்தார். விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்ததில் ஒன்று பொருந்தியது. பெயர் முழுசாக வந்தது. அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இன்னொன்றின் மீதியை யாரோ காலையில் வாங்கிப் போய்விட்டார்களாம். அதனாலென்ன, பார்த்தாலே தெரியும் என்று ஒரு பெயர் சொன்னார்.

"அதயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணா."

அவர் பேனாவை எடுத்தார். மாத்திரையைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டார்.

நாற்பது வருஷமாக இந்த ஒரு வரியை நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை!

அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று டீச்சர் நேற்று போனில் சொன்னார். எது ஆகாதது என்று தெரியாததால் இரண்டையுமே இனி தொடக் கூடாதென்று டாக்டர் உத்தரவாம்.

சரி... பெயர் தெரியாததை எப்படித் தொடாமல் இருப்பது?